குங்குமப்பூவும் மலைவாழையும்

எடப்பாடிக் கடைவீதியின் நாட்டு மருந்துக் கடைகளில் மற்ற சரக்கெல்லாம் சாக்கிலும் டப்பாவிலும் கண்ணெதிரே இருக்கும். சுக்கு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் கையளந்து கொடுக்கிற பொருள்கள். குங்குமப்பூவுக்கு மட்டும் தனி இடம். கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், கட்டைவிரல் அளவுப் பிளாஸ்டிக் டப்பியில், ஒரு கிராம். நல்ல காஷ்மீர்ப் பூ என்றால் அந்த ஒரு கிராமுக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் சொல்வார்கள். கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தால் லட்சங்களில் போய் நிற்கும். விசைத்தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு அது ஏறத்தாழ ஒரு நாள் கூலி. ஆனாலும் மகள் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும்போது அந்த டப்பியை வாங்காத தாய் எங்கள் ஊரில் குறைவு.

“ஏனுங்க, இது அசல் பூவுங்களா?” என்று கேட்பார்கள்.

“வெதுவெதுப்பான பால்ல ரெண்டு இழை போட்டு வெச்சுப் பாருங்கம்மா. போட்ட உடனே சட்டுனு செவந்துச்சுன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து குடுங்க” என்பார் கடைக்காரர்.

பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்காக அதை வாங்குகிறார்கள். அது நடக்காது. பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது; பாலில் கரைத்துக் குடிக்கிற எதுவும் அதை மாற்றாது. அதிகமாகச் சாப்பிட்டால் கர்ப்பிணிக்கு ஆகாது என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கறுப்பாய்ப் பிறக்கிற பிள்ளையும் இறைவன் தந்த பிள்ளைதான். இதை அந்தத் தாய்மாரிடம் பக்குவமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த டப்பிக்குள் இருப்பது மகத்தான பொருள் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் தேடுகிற அற்புதம் அதில் இல்லை. தேடாத அற்புதம் நிறைய இருக்கிறது.

ஓர் இழையை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனி நூலாக மெலிந்து மஞ்சளோடி இருக்கும். மறு நுனி நாதஸ்வரத்தின் அணைசு போல விரிந்து, விளிம்பில் நுண்ணிய பற்களோடு, கருஞ்சிவப்பாக இருக்கும். பூவின் சூல்முடி அது. மகரந்தத்தை ஏந்துவதற்கென்று அமைந்த உறுப்பு. வெதுவெதுப்பான பாலில் விட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. சற்றுப் பொறுத்தால் இழையின் ஓரத்திலிருந்து மஞ்சள் கசியத் தொடங்கும். பால் பொன்னிறமான பிறகும் இழை சிவப்பாகவே கிடக்கும். சாயம் தோய்த்த மக்காச்சோள நாராக இருந்தால் நொடியில் சிவந்து, நார் வெளுத்துப் போகும்.

கேரட்டுக்கும் தக்காளிக்கும் நிறமூட்டுகிற அதே குலத்தைச் சேர்ந்ததுதான் குங்குமப்பூவின் நிறமி. அந்தக் குலத்து நிறமிகள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. கேரட்டை வேகவைத்த தண்ணீரைவிடத் தாளித்த எண்ணெய் ஏன் சிவக்கிறது என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். குங்குமப்பூவிலோ அந்த நிறமியின் இரண்டு முனையிலும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்திருக்கின்றன. அவற்றால்தான் அது தண்ணீரிலும் பாலிலும் கரைகிறது. இதற்குக் குரோசின் என்று பெயர். மெல்லிய கசப்பைத் தருவது பிக்ரோகுரோசின் என்ற இன்னொரு பொருள். அந்தக் கசப்புப் பொருளே, பறித்த இழையை உலர்த்தும்போது சிதைந்து, சாஃப்ரனால் என்கிற நறுமணமாக மாறுகிறது. செடியில் இருக்கும்போது இல்லாத மணம் உலர்ந்த பிறகு பிறக்கிறது. கசப்புக்குள் மணத்தை ஒளித்து வைத்தவனை என்னவென்று சொல்வது!

காஷ்மீரில் ஸ்ரீநகருக்குத் தெற்கே பாம்பூர்ப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், கரேவா என்று அழைக்கிற மேட்டு நிலங்களில் இது விளைகிறது. கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்கு உறங்குவது போலத் தெரியும். உண்மையில் அந்தச் சூட்டில்தான் உள்ளே பூ மொட்டு உருவாகிக்கொண்டிருக்கும். அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியதும் ஊதாப் பூ மண்ணைப் பிளந்துகொண்டு வரும். பூக்காலம் இரண்டு மூன்று வாரம்தான். வெயில் ஏறுமுன் குனிந்து கையால் பறித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்றே மூன்று இழைகளைப் பிரித்தெடுக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். நம் டப்பிக்குள் இருக்கிற ஒரு கிராமுக்கு நூற்றைம்பது தடவை ஒருவர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். அந்த விலைக்கு அது தகுமா என்று யாராவது கேட்டால், அந்த முதுகுகளை நினைத்து, தகும் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் என்னை வெகுகாலம் யோசிக்க வைத்தது. மகரந்தத்தை ஏந்த அத்தனை அழகாக விரிந்திருக்கும் அந்தச் சூல்முடி, தன்னினத்து மகரந்தத்தை ஏந்தினாலும் விதை பிடிக்காது. பெரும்பாலான உயிர்களில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இருக்கும். குங்குமப்பூச் செடியில் மூன்று மூன்றாக, மொத்தம் 24 இருக்கின்றன. மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆகவே விதையும் இல்லை. காட்டில் எங்கும் இந்தச் செடி தானாக முளைத்துக் கிடப்பதில்லை. இதன் மூதாதை கிரேக்க நாட்டு அட்டிகா பகுதியில் இன்றும் வளரும் ஒரு காட்டுப் பூ என்று 2019-ல் மரபணு ஆய்வுகள் காட்டின. அங்கிருந்து பாம்பூர் வரைக்கும், ஈரான் வரைக்கும், ஸ்பெயின் வரைக்கும் இது வந்தது மனிதக் கை வழியாகத்தான். தாய்க் கிழங்கைத் தோண்டி, பக்கக் கிழங்கைப் பிரித்து, மறுபடி நட்டு. அந்தக் கை ஒரு தலைமுறைக்கு ஓய்ந்துவிட்டால் உலகத்தில் குங்குமப்பூ இருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் காவடியும், அதன் பஞ்சாமிர்தத்தில் விழுகிற வாழைப்பழமும் நினைவுக்கு வந்தன.

தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலச் சமூகத்தாரின் காவடி பழனிக்குப் போவது தமிழ்நாட்டுக்கே தெரிந்த செய்தி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோர் காவடி தூக்கி நடந்தே போவார்கள். பழனி மலைக்கோயிலில் இரவு யாரும் தங்கக் கூடாது. எடப்பாடிக் கூட்டத்துக்கு மட்டும் ஓர் இரவு மலைமேல் தங்கும் உரிமை உண்டு. அங்கேயே, மலைமேலேயே, தங்கள் கையால் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். டன் கணக்கில். மூட்டை மூட்டையாக மலைவாழைப் பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். பழத்தை உரிக்க ஒரு கூட்டம், பிசைய ஒரு கூட்டம், கலக்க ஒரு கூட்டம். ஏலக்காய்த் தூள் விழுகிற நேரத்தில் அண்டாவைச் சுற்றி எழும் வாசனையை நுகர்ந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். பிறகு அதை வாளிகளிலும் தூக்குகளிலும் பங்கிட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். காவடி எடுக்காத வீட்டுக்கும் ஓர் உருண்டை வந்து சேரும்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதன்முதலாக அந்தப் பெருமை பெற்றது அதுதான். அதற்குரிய பழம் விருப்பாச்சி மலைவாழை. ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாச்சியும் பழனி மலைச் சாரலும் அதற்கு ஊர். இந்த வாழைக்கு 2008-லேயே குறியீடு வந்துவிட்டது. சிறிய பழம், தோல் தடித்தது, சதையில் நீர்ப்பசை குறைவு. பஞ்சாமிர்தத்தில் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. நீர் குறைந்த பழம், நீரை உறிஞ்சும் சர்க்கரை, நீரை உறிஞ்சும் தேன் இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருக வழியில்லை. குளிர்பெட்டி கண்ணில் படாத காலத்திலேயே அந்தப் பிரசாதம் நாள்பட நின்றதற்குக் காரணம் இதுதான்.

மலைவாழைப் பழம் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் இரு வரிசையாக, கடுகின் கால்பங்குகூட இல்லாத கரும்புள்ளிகள் தெரியும். அவை விதையாக வேண்டியவை. காட்டு வாழையில் அந்த இடத்தில் பல்லை உடைக்கும் கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும், சதை பேருக்குத்தான். நாம் தின்னும் வாழையில் புள்ளியோடு நின்றுவிட்டது. காரணம் அதே காரணம். விருப்பாச்சியின் குரோமோசோம்களும் மூன்று மூன்றாக, மொத்தம் 33. இரண்டு பங்கு ஒரு காட்டு வாழையிடமிருந்தும், ஒரு பங்கு இன்னொரு காட்டு வாழையிடமிருந்தும் வந்தவை. மகரந்தம் படாமலே காய் பிடித்து, விதை இல்லாமலே பழுத்து, பக்கக் கன்றைப் பெயர்த்து நட யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிறது வாழை. கிழங்கிலிருந்து கிழங்காக, கையிலிருந்து கையாக.

உலகத்திலேயே விலை கூடிய மசாலாப் பொருளும், சீப்புக் கணக்கில் தெருவில் விற்கிற பழமும் ஒரே வரத்தைப் பெற்றுப் பிறந்தவை. இரண்டுக்கும் விதை இல்லை. இரண்டையும் மனிதன் கையில் நம்பி ஒப்படைத்திருக்கிறான் படைத்தவன். ஒன்று கிலோ பல லட்சம், இன்னொன்று கிலோ சில பத்து ரூபாய். அவன் செய்த வேலையில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. வாழை தாராளமாகத் தருகிறது, குங்குமப்பூ மூன்று இழை தருகிறது. விலை அந்த அளவைப் பார்த்து வருகிறது.

அண்டாவில் விழுகிற மற்றப் பொருள்களையும் இப்படி எடுத்துப் பார்த்தால் விலை என்பது எவ்வளவு நிலையில்லாதது என்று தெரியும். ஏலக்காயைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையே அதன் பிறந்தகம். உயர்ந்த மரங்களின் நிழலில், ஈரக் காற்றில், செடியின் அடியிலிருந்து தரையோடு படர்கிற தண்டில் பூக்கிறது. வெள்ளைப் பூ, உதட்டில் ஊதா வரிகள். தேனீ இறங்க வேண்டிய இடத்தைக் காட்டுகிற கோடுகள். விடியலில் விரிந்த பூ அன்றே வாடிவிடும். அதற்குள் ஒரு தேனீ வந்தால்தான் காய். ஒரே தண்டில் காய்கள் ஒன்றாக முற்றாது என்பதால், முற்றியதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் எடுக்க வேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம், அடுத்து மழைக்குறைவு. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. தோலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு விதைகளின் மணம் 7,000-க்கு விற்றபோது கூடவுமில்லை, இறங்கியபோது குறையவுமில்லை. மலைமேல் அண்டாவில் இரண்டு விலையிலும் ஒரே அளவுதான் விழுந்திருக்கும்.

சர்க்கரையும் அப்படித்தான். பழனிக் கோயிலுக்கு நாட்டுச் சர்க்கரையை ஈரோட்டு மாவட்டத்துக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் இதே சர்க்கரை மருந்துக் கடையில் எடைபோட்டு விற்ற சரக்கு. செல்வர் வீட்டில் மட்டும் கண்ட பொருள். இனிப்பு அன்றைக்கும் இதே இனிப்புதான்.

தேனுக்கு வருகிறேன். ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுளில் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பூவிலிருந்து உறிஞ்சிய மதுவில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதைக் கூட்டுக்குள் வாய்க்கு வாய் மாற்றி, அறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறி, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வற்ற வைக்கின்றன. நெருப்பு மூட்டாமல் பாகு காய்ச்சுகிற தொழில் இதுவொன்றுதான். நாமக்கல் பக்கம் கொல்லிமலையின் பாறை முகடுகளில் மலைத்தேனீ கட்டுகிற பெருங்கூடுகளை அடிவாரத்திலிருந்தே பார்த்திருக்கலாம். ஆனால் விலையில் அதை மிஞ்சுவது கொசுத்தேன். சுவர்ப் பொந்திலும் மரப் பொந்திலும் குடியிருக்கும், கொட்டத் தெரியாத, கொசு அளவுத் தேனீ. அறுகோண அறை கட்டத் தெரியாது அதற்கு. மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துக் குன்றிமணி போன்ற சின்னக் குடங்கள் செய்து அவற்றில் தேனை ஊற்றி மூடுகிறது. ஒரு கூட்டில் வருஷத்துக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே அதிகம். மலைத்தேனைவிடப் பல மடங்கு விலை சொல்வார்கள். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தத் தேனைப் பச்சைக் குழந்தையின் நாக்கில் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது என்பதால் அதை விட்டுவிட வேண்டும். பெரியவர்களுக்கு அது நல்ல பொருள்தான். கொட்டாத தேனீக்களின் தேனில் டிரேஹலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை பேரளவில் இருப்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் தேனீக்களிடம் செய்த ஆய்வு அது. இரத்தத்தில் மெதுவாகக் கலக்கிற சர்க்கரை அது. கொசுத்தேனுக்குச் சொல்கிற விலையைக் கொடுக்கலாம். கூட்டை அழிக்காமல் எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஜப்பானின் மியாசாகி மாம்பழம். 2019-ல் அங்கே ஏலத்தில் இரண்டு பழம் 5 லட்சம் யென்னுக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். 2021-ல் மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் அந்த வகை மரத்தைக் காக்கக் காவலாட்களையும் நாய்களையும் வைத்தார்கள் என்று நாடெங்கும் செய்தி வந்தது. அந்தப் பழத்தை வளர்க்கிற விதம் மெச்சத்தக்கது. மூடிய கூடாரத்துக்குள், ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வலை கட்டி, தானாக முற்றிக் காம்பை விட்டு வலையில் விழும் வரை காத்திருக்கிறார்கள். முதல்தரப் பழம் 350 கிராமுக்குக் குறையாமலும், இனிப்பு 15 பிரிக்ஸ் அளவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அங்கே அது பரிசாகக் கொடுக்கிற பொருள். விலையில் பாதி மரியாதைக்கு. அதில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்தப் பழத்தின் வம்சத்தைக் கேளுங்கள். மியாசாகியில் விளைவது இர்வின் என்ற அமெரிக்க வகை. இர்வினின் தாய் லிப்பன்ஸ், லிப்பன்ஸின் தாய் ஹேடன். ஹேடன் 1902-ல் ஃபுளோரிடாவில் ஊன்றிய ஒரு கொட்டையிலிருந்து வந்தது. அந்தக் கொட்டை, 1889-ல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன ஒட்டு மரத்தின் பழத்தினுடையது. அந்த மரத்துக்கு அவர்கள் எழுதி வைத்த பெயர் மல்கோபா.

எங்கள் சேலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் இங்கே கூடைகளில் வந்து இறங்கும் மல்கோவாவின் குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டுதான் அந்த மூன்று லட்ச ரூபாய்ப் பழம் நிற்கிறது. மாமரம் ஒரு பூங்கொத்தில் ஆயிரம் இரண்டாயிரம் பூ வைத்து, ஈக்கள் வந்துபோக விட்டு, ஒன்றோ இரண்டோ காயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மல்கோவா அதிலும் கை இறுக்கம். அப்படித் தப்பிய ஒரு பழம் கையகலத்துக்கு உருண்டு, நாரில்லாத சதையோடு, சேலத்துக் கடையில் கிலோ சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைத் தின்றவன் மியாசாகியை எண்ணி ஏங்க வேண்டியதே இல்லை.

விலை கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது துக்கமான காரணம். கேவியர் என்று உலகப் பணக்காரர்கள் கரண்டியால் எடுத்துத் தின்கிற மீன்முட்டை ஒரு காலத்தில் அமெரிக்க மதுக்கடைகளில் தொட்டுக்கொள்ள வைத்த பொருள். அதைத் தருகிற ஸ்டர்ஜன் மீன் டைனோசார் காலத்து வம்சம். அதில் பெலுகா இனம் ஒரு டன்னுக்கு மேல் வளரும், மனிதனைப் போல நூறு வயது காணும், பெண் மீன் முதல் முட்டைக்கே பதினைந்து, இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும். முட்டைக்காக அதன் வயிற்றைக் கிழித்தார்கள். ஆறுகளில் அணை கட்டி வழியை மறித்தார்கள். 1998-ல் சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் எல்லா ஸ்டர்ஜன்களின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு வர வேண்டியதாயிற்று. அந்த மீன் அருகிப் போனதால்தான் அந்த விலை.

இது எங்கோ காஸ்பியன் கடலில் நடந்த கதை என்று எடப்பாடிக்காரன் சொல்லிவிட முடியாது. இங்கிருந்து சற்றுத் தொலைவில் பூலாம்பட்டியில் காவிரி ஓடுகிறது. கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிற அதே மீன், காவிரியிலும் ஏறி வந்த மீன்தான். 1934-ல் மேட்டூர் அணை எழுந்து, வெள்ளம் அடங்கிய பிறகு அந்த வரத்து நின்றது. அணை இந்தப் பூமிக்குச் செய்த நன்மையை மறுக்க எனக்கு வாயில்லை. எங்கள் சோறும் தறியும் அதன் தயவு. அதற்காகப் போன மீனைப் போகவில்லை என்று சொல்ல முடியுமா? கொல்கத்தாச் சந்தையில் உல்லம் என்ன விலை என்று விசாரிக்கிற போதெல்லாம், காவிரிக்கரையில் அது வலையில் விழுந்து சாதாரண மீனாகக் கூறு போட்டு விற்ற நாளை நினைக்க வேண்டியிருக்கிறது.

விருப்பாச்சி மலைவாழைக்கும் இந்தக் கதி வரப் பார்த்தது. 1970-களிலிருந்து முடிக்கொத்து நோய் பழனி மலைத் தோட்டங்களில் பரவியது. அசுவினிப் பூச்சி சுமந்து வரும் ஒரு வைரஸ் அது. தாக்கிய மரத்தில் இலைகள் நீள மறந்து உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கும், தார் தள்ளாது. விதை உள்ள செடியாக இருந்தால் விதைக்குள் நோய் ஏறாமல் தப்பித்து ஒரு புதுத் தலைமுறை எழும்பும். வாழைக்கு அந்த வழி இல்லை. தாய்க்கு வந்த நோய் கன்றுக்கும் வரும். நம்பிக்கையாகப் பெயர்த்து நட்ட கையே நோயையும் நட்டது. மலைமலையாக வாழை போயிற்று. பல தோட்டங்கள் காப்பிக்கும் மிளகுக்கும் மாறின. காஷ்மீரிலும் நிலைமை வேறல்ல. 1996-97-ல் 5,700 ஹெக்டேரில் விளைந்த குங்குமப்பூ, அடுத்த பன்னிரண்டு, பதிமூன்று ஆண்டுகளில் 3,700 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பல லட்ச ரூபாய் விலை அதைக் காப்பாற்றவில்லை.

வாழையைக் காப்பாற்றியது கை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நோயில்லாத தாய் மரங்களைத் தேடிப் பிடித்து, வைரஸ் இல்லை என்று சோதித்து உறுதி செய்து, அவற்றின் குருத்து நுனியை எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்தன. குருத்தின் நுனி என்றால் கண்ணுக்குத் தெரிகிற குருத்தல்ல. மட்டைமேல் மட்டையாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுகிற மில்லிமீட்டர் அளவு வெள்ளைப் புள்ளி. முழு மரத்தையும் எழுப்புகிற சக்தி அந்தப் புள்ளியில் இருக்கிறது. ஒரு புள்ளி நூறாகி, ஆயிரமாகி, வேர் விட்டு, நிழல் வலைக்குள் வெளியுலகம் பழகி, மறுபடி மலை ஏறியது விருப்பாச்சி.

இன்றைக்கும் அது விலை கூடிய பழமில்லை. மலைச்சரிவில் இயந்திரம் ஏறாது. தாரைத் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் இறக்குகிற தோட்டங்கள் இருக்கின்றன. சந்தையில் ரஸ்தாளியும் பூவனும் அருகே குவிந்து கிடக்கும்போது, சின்னதாகக் கறுத்த தோலோடு இருக்கும் மலைவாழைக்கு நாலு ரூபாய் கூடச் சொன்னாலே சீப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குங்குமப்பூ டப்பிக்கு ஐந்நூறு கொடுத்த அதே வீட்டார்தான். அந்த நாலு ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த மழைக்கு நோயில்லாத கன்று வாங்கி நட வேண்டியவர் அந்த மலைக்காரர்தான், அவர் நடாவிட்டால் அதை முளைக்க வைக்க ஒரு விதைகூட எந்த மண்ணிலும் கிடையாது.